பழைய விண்டோஸ்தான் வேணுமுங்க, மாப்பிள்ளை

"மாப்பிள்ளைங்க, உள்ள ஏதாச்சும் தெரியுதுங்களா?"

மாமனார் காளிச்சாமி குனிந்து கேட்டார். பிரவின்குமாருக்கு எல்லாமே நன்றாகத் தெரிந்தது. திறந்து கிடந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பச்சைப் பலகை ஒன்று தெரிந்தது. பட்டை பட்டையாக ஒயர்கள் தெரிந்தன. மூலையில் ஒரு சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அந்தச் சிலந்தியைத் தவிர மற்ற எதற்கும் அவனுக்குப் பெயர் தெரியாது.

"தெரியுதுங்க மாமா," என்றான்.

"அதானே! மாப்பிள்ளை கண்ணுக்குத் தப்புமா?" காளிச்சாமி நிமிர்ந்து, கூடத்தில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களைப் பெருமையோடு ஒரு பார்வை பார்த்தார். அவர்களும் தலையை ஆட்டினார்கள். புது மாப்பிள்ளையைப் பார்க்கவும் விருந்து சாப்பிடவும் வந்தவர்கள். சாப்பாட்டுக்கு நேரமிருந்ததால் மாப்பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் புது மாப்பிள்ளை என்பது உண்மை. கல்யாணமாகி ஒரு மாதம் ஆகவில்லை. துடியலூரிலிருந்து மனைவி செவ்வந்தியை அழைத்துக்கொண்டு ஆனைமலைக்கு முதல் விருந்துக்கு வந்திருக்கிறான் என்பதும் உண்மை. அவன் கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்பதுதான் கொஞ்சம் உதைத்தது.

காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் அவனுக்கு வேலை. வாசலுக்கு நேர் எதிரே இருந்த மேசை அவனுடையது. பிள்ளைகளைச் சேர்க்க வரும் தகப்பன்மாரிடம் "டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், சி பிளஸ் பிளஸ், ஆரக்கிள்" என்று அவன் ஒரே மூச்சில் சொன்னால், அதற்குமேல் கேள்வி கேட்க யாருக்கும் தைரியம் வராது. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்க அவனுக்கும் தைரியம் வந்ததில்லை. சம்பந்தம் பேசிய தரகர், "பையன் கம்ப்யூட்டர் லைனுங்க," என்றுதான் சொன்னார். பொள்ளாச்சி தாண்டி ஆனைமலை போய்ச் சேர்வதற்குள் லைன் இன்ஜினியராகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலும் யாரும் திருத்தவில்லை. செவ்வந்தியிடம் கல்யாணத்துக்கு அப்புறம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று பிரவின்குமார் நினைத்திருந்தான். ஆனால் அவள் அவனைப் பார்க்கிற பார்வையில் அந்த நிதானம் வாய்க்கவே இல்லை.

பெண் பார்க்கப் போன அன்றே காளிச்சாமி, "எங்க ஊட்டுலயும் ஒரு கம்ப்யூட்டர் இருக்குதுங்க. அம்மணி அதுலதான் பழகுது," என்று சொல்லியிருந்தார். தொண்ணூற்றொன்பதாம் வருஷத்தில் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்திருக்கிற தோப்புக்காரர் என்றால் லேசா? பிரவின்குமாரின் அம்மா அந்த ஒரு வார்த்தையில் வாயடைத்துப்போய்ச் சம்மதம் சொன்னாள். அந்தக் கம்ப்யூட்டர்தான் இப்போது படுத்துவிட்டது.

"கரண்டு போயிட்டுப் போயிட்டு வந்துதுங்க. அப்பறம் கர்க் கர்க்குன்னு ஒரு சத்தம். அதோட சரிங்க," என்று காளிச்சாமி காலையில் விவரம் சொன்னார். "கோயமுத்தூருல ஒரு கடையில அடையாளம் சொன்னேன். ஹார்டு டிஸ்க்கு போச்சுங்கன்னாங்க. புதுசே வாங்கியாந்துட்டனுங்க. கூடவே பழசும் புதுசுமா ரெண்டு விண்டோஸ் சி.டி.யும் குடுத்தாங்க. நீங்க மாட்டிக் குடுத்தீங்கன்னா வேலை முடிஞ்சுதுங்க."

"எதுக்குங்க மாமா நாம சிரமப்படணும்? பொள்ளாச்சியில ஒரு மெக்கானிக்கைக் கூப்புட்டா..."

"பொள்ளாச்சியா?" காளிச்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேண்டவே வேண்டாமுங்க! பொள்ளாச்சி ஆளுக ஒருத்தரும் இந்த ஊட்டுப் படியேறக் கூடாதுங்க. நீங்க இருக்கறப்ப வெளியாளு எதுக்குங்க?"

மாமனாருக்குத் தன்மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று பிரவின்குமார் மலைத்தான். மறுக்க வழியில்லை. திருப்புளியைக் கையில் எடுத்தான்.

பெட்டியின் இரும்புச் சட்டத்தைப் பிடித்தான். அடுத்த கணம் கை, தோள், காது எல்லாம் ஒருசேர விர்ரென்றது. "ஆவ்!" என்று அலறிக்கொண்டு பின்பக்கமாக விழுந்தான். பிளக்கைப் பிடுங்க மறந்திருந்தான். பட்டுக்கரை வேட்டி ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகக் கிடந்த காட்சியைச் சொந்தக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"ஐயோ, என்னாச்சுங்க?" என்று செவ்வந்தி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

பிரவின்குமார் வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "எர்த்து சரியா இல்லீங்க மாமா. செக் பண்ணிப் பார்த்தேன்."

"கையிலயேவுங்களா?"

"கையில பார்த்தாத்தான் துல்லியமாத் தெரியுமுங்க."

கூட்டத்தில் ஒருவர் "படிச்ச படிப்பு அப்படி," என்றார்.

இனி கிருபாசங்கரைத் தவிர வேறு கதி இல்லை. கிருபாசங்கர் அதே நிலையத்தில் ஹார்டுவேர் வகுப்பு எடுப்பவன், சிநேகிதன். ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கே வகுப்பு உண்டு. ஆனால் டெலிபோன் கூடத்தின் நடுவில், எல்லோர் காதுக்கும் எட்டுகிற மாதிரி, பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு இருந்தது.

"ஆபீசுக்கு ஒரு போன் போட்டுக்கறனுங்க மாமா. நான் இல்லாட்டி அங்க ஒண்ணும் ஓடாதுங்க," என்றான்.

"தாராளமாப் போடுங்க!"

மறுமுனையில் கிருபாசங்கர் எடுத்தான். பிரவின்குமார் தொண்டையைக் கனைத்தான்.

"கிருபாவா? பிரவின் பேசறேன். ஆமா, புது ஹார்டு டிஸ்க்கு மாட்டறது எப்படீன்னு உனக்குச் சொல்லிக் குடுத்தனே, ஞாபகம் இருக்குதா? எங்க, ஒருதரம் மொதல்ல இருந்து சொல்லு பாக்கலாம்."



"நீயா? எனக்கா?" என்றான் கிருபாசங்கர். பிறகு குரலைத் தாழ்த்தி, "டேய், பக்கத்துல மாமனார் இருக்காரா?"

"கரெக்ட்!"

"கம்ப்யூட்டரைப் பிரிச்சுப்போட்டு முழிச்சுட்டு ஒக்காந்திருக்கியா?"

"வெரிகுட்! அப்பறம்? மேல சொல்லு."

கிருபாசங்கர் சிரித்து முடிக்கச் சிறிது நேரம் பிடித்தது. அப்புறம் எந்தப் பட்டை ஒயரை எங்கே செருகுவது, எந்தக் குட்டி ஊசியை எந்தப் பக்கம் மாற்றுவது, எந்த ஃபிளாப்பியைப் போட்டு எந்தப் பட்டனை அமுக்குவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பிரவின்குமார், "ம்... ம்... அதேதான்... தேறீட்டே போ," என்று கேட்டுக்கொண்டே உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டான்.

"பாருங்க," என்று காளிச்சாமி பக்கத்திலிருந்தவரின் தொடையைத் தட்டினார். "விருந்துக்கு வந்த எடத்துலயும் கீழ இருக்கறவங்களுக்குப் பாடம் நடத்தறாரு."

ஆச்சரியம் என்னவென்றால், வேலை நடந்தது. புது டிஸ்க் மாட்டியாயிற்று. கடைக்காரர் கொடுத்த சி.டி.க்களில் பளபளவென்றிருந்ததைப் போட்டான். திரையில் நீலம் வந்தது, கோடு வந்தது, கோடு நகர்ந்தது. இலை போட்டு எல்லோரும் சாப்பிட்டு எழுந்து, வெற்றிலை மென்றுகொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தபோது, கம்ப்யூட்டர் கணீரென்று இசை முழக்கிக்கொண்டு விழித்துக்கொண்டது. மேகமும் வானமுமாகத் திரை நிறைந்தது. கூடம் முழுக்கக் கைதட்டல். மாமியார் ராசாத்தாள் ஓடிவந்து திருஷ்டி கழித்து விரல்களை நெரித்தாள். செவ்வந்தி கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்த பார்வையில் பிரவின்குமார் தரையிலிருந்து ஓரடி மேலே போனான்.

காளிச்சாமி மட்டும் கைதட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார். அவர் முகம் வெளுத்தது.

"மாப்பிள்ளைங்க... இது என்னமோ தொண்ணூத்தெட்டுன்னு போட்டிருக்குதுங்களே?"

"ஆமாங்க மாமா. விண்டோஸ் தொண்ணூத்தெட்டு. புதுசுங்க."

"முன்ன இருந்தது தொண்ணூத்தஞ்சுங்க."

"அது பழசுங்க மாமா. இது அதைவிட நெம்ப நல்லா..."

"எனக்குப் பழைய விண்டோஸ்தான் வேணுமுங்க, மாப்பிள்ளை." காளிச்சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "முன்ன எப்படி இருந்துதோ அச்சு அசல் அப்படியே இருக்கோணுமுங்க. ஒரு புள்ளி மாறக்கூடாதுங்க."

பிரவின்குமார் அதிர்ந்துபோனான். "புது டி.வி. குடுத்தா பழைய ரேடியோதான் வேணும்ங்கற மாதிரி இருக்குதுங்களே மாமா!"

"எனக்கு அதுதானுங்க கை பழக்கம்."

அவருடைய கைப்பழக்கத்தை பிரவின்குமார் காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான். மவுஸைத் தொடச் சொன்னபோது, செத்த எலியைத் தொடச் சொன்ன மாதிரி கையை இழுத்துக்கொண்டார். இருந்தாலும் மாமனாரிடம் அதைச் சொல்ல முடியுமா?

"அதோட," என்று காளிச்சாமி இன்னும் நெருங்கி வந்து காதோடு சொன்னார். "பழைய டிஸ்க்குல இருந்த சாமானமெல்லாம் ஒண்ணு விடாம இதுல வந்தரோணுமுங்க."

"என்னென்ன இருந்துதுங்க மாமா?"

"அது எனக்கெப்படீங்க தெரியும்?" என்றார் காளிச்சாமி. "ஆனா ஒண்ணும் குறையக் கூடாதுங்க. பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சுருமுங்களா?"

மறுபடியும் டெலிபோன். மறுபடியும் கிருபாசங்கர்.

"என்னடா, தொண்ணூத்தெட்டு நல்லாத்தானே ஓடுது? எதுக்கு அதை அழிச்சுப்போட்டுத் தொண்ணூத்தஞ்சு போடோணுங்கற?"

"அதைத்தானே உங்கிட்டக் கேக்கறேன்," என்றான் பிரவின்குமார், ஆசிரியர் குரலில். "ஒரு கஸ்டமரு பழசுதான் வேணும்னு அடம் புடிச்சா நீ என்ன பண்ணுவே?"

"தலையில அடிச்சுக்குவேன்."

"சரி. அதுக்கப்பறம்?"

கிருபாசங்கர் பெருமூச்சு விட்டான். பழைய டிஸ்க்கையும் பக்கத்திலேயே மாட்டு, தட்டிப்பார், சில நேரம் உயிர் வந்துவிடும். முதலில் புது டிஸ்க்கில் உள்ளதை அழி. தொண்ணூற்றைந்துக்குப் பெரிய டிஸ்க் ஒரே பாகமாகத் தெரியாது, அதனால் இரண்டாகப் பிரி. பிரித்துவிட்டு ஃபார்மட் பண்ணு. பண்ணிவிட்டுக் கூப்பிடு.

சொன்ன மாதிரியே பழைய டிஸ்க்கை மாட்டி, திருப்புளிக் காம்பால் ஒரு தட்டுத் தட்டினான். கர்க் என்று முனகிவிட்டு அது சுழல ஆரம்பித்தது. செத்துப்போனதாக நினைத்த டிஸ்க் பிழைத்துக்கொண்டதைப் பார்த்துக் காளிச்சாமிக்குக் கண் கலங்கியது. மாசாணியம்மன் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்து நின்றன. பிரவின்குமார் உள்ளங்கையைப் பார்த்து வாய்விட்டுப் படித்தான். அப்படிப் படித்தால் தனக்கே கொஞ்சம் தைரியம் வருகிற மாதிரி இருந்தது.

"மொதல்ல இருக்கற பார்ட்டிசனை ரத்து பண்ணோணும்... ஆச்சு. இனிப் புதுசா பார்ட்டிசன். மாமா, ரெண்டாப் பிரிச்சுத்தான் ஆகோணுமுங்க. வேற வழியில்லீங்க."

"பிரிச்சுருங்க மாப்பிள்ளை. எப்படியோ சீக்கிரமா முடிச்சாச் சரீங்க," என்றார் காளிச்சாமி.

வாசற்படியில் டங்கென்று ஒரு தட்டு விழுந்தது.

திரும்பிப் பார்த்தால் பழனியாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். காளிச்சாமியின் அக்கா. புருஷன் வீட்டுப் பங்காளிகளோடு பார்ட்டிசன் கேஸ் நடத்திக் கோர்ட்டுப் படிக்கட்டைத் தேய்த்தவள். இங்கிலீஷில் அவளுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் இப்போது கேட்டிருந்தாள்.

"ஏன்டா காளிச்சாமி!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவினாள். "தாலி கட்டின ஈரம் காயல, அதுக்குள்ள மாப்பிள்ளை பார்ட்டிசன் கேக்கறாரு, நீயும் சரீங்கறயே! உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"பெரியம்மா, அது டிஸ்க்குங்க..." என்றான் பிரவின்குமார்.

"எந்த டிஸ்க்கு? தெக்காலத் தோப்பா?"

"தோப்பெல்லாம் இல்லீங்க. மாமாகிட்ட மொத்தம் நாலு ஜி.பி. இருக்குதுங்க. அதை ரெண்டு ரெண்டாப் பிரிக்கறோம், அவ்வளவுதானுங்க."

"நாலும் எங்கப்பன் கெணறு வெட்டி உண்டாக்கினது!" என்று பழனியாத்தாள் மாரில் அடித்துக்கொண்டாள். "அதுல ரெண்டைத் தூக்கி இவருக்குக் குடுக்கோணுமாமா!"

அவ்வளவுதான். உண்ட மயக்கத்தில் இருந்த சொந்தமெல்லாம் திடுக்கிட்டு எழுந்து கூடத்துக்குள் வந்தது. ஒருவர் "மாப்பிள்ளையைப் பார்த்தா அப்படித் தெரியலீங்களே," என்றார். இன்னொருவர் "கம்ப்யூட்டரிலயே கணக்குப் போட்டுப்போட்டாராமா," என்றார். ராசாத்தாள் கரண்டியோடு வந்து, விஷயத்தைக் கேட்டு, கரண்டியைக் கீழே போட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செவ்வந்தி மூச்சிரைக்க முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, நெசமாலுமே கேட்டீங்களா?"

"செவ்வந்தி, நீயுமா? உனக்குமா தெரியாது? டிஸ்க்கைப் பிரிக்கறதுக்குப் பேரு பார்ட்டிசன். உங்க ஊட்டுலதான் கம்ப்யூட்டர் இருக்குதே, நீ படிச்சிருப்பியே!"

செவ்வந்தி ஏனோ அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தார்.

"அக்கா, அது வேற பார்ட்டிசன்," என்று காளிச்சாமிதான் கடைசியில் பஞ்சாயத்துக்கு வந்தார். "இந்தப் பொட்டிக்குள்ளயே பிரிச்சு, இந்தப் பொட்டிக்குள்ளயே வெச்சுப் பூட்டறது. வெளிய ஒரு சென்ட்டு போகாது. போதுமா?"

பழனியாத்தாள் அரைமனதோடு சமாதானமானாள். ஆனாலும் பத்திரம் கித்திரம் வெளியே வருகிறதா என்று பார்ப்பதற்காக, ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டருக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிரவின்குமார் வேர்வையைத் துடைத்துக்கொண்டு திரைக்குத் திரும்பினான். எந்த இடத்தில் விட்டோம் என்பது மறந்துபோயிருந்தது. உள்ளங்கையில் எழுதியிருந்ததும் வேர்வையில் கரைந்து ஒரே நீலமாகக் கிடந்தது. பிரித்தோமா, பிரிக்கவில்லையா? பிரித்ததற்குத்தானே இவ்வளவு சண்டை! சண்டையே நடந்துவிட்டதால் பிரித்தாகிவிட்டது என்றே அவன் மனசு எடுத்துக்கொண்டது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். ஃபார்மட் என்று தட்டினான். திரையில் எச்சரிக்கை ஒன்று வந்தது.

செவ்வந்தி தோளுக்குப் பின்னாலிருந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இதுல இருக்கறதெல்லாம் அழிஞ்சு போயிருமுன்னு போட்டிருக்குதுங்களே?"

"அது சும்மா மெரட்டும். புது டிஸ்க்குல அழியறதுக்கு என்ன இருக்குது?" என்று சொல்லி, சம்மதம் என்பதற்கான பட்டனை டப்பென்று அமுக்கினான்.

சதவீதம் ஏறத் தொடங்கியது. காளிச்சாமி எண்ணெய்ச் செக்கைப் பார்ப்பது போலக் கண் இமைக்காமல் பார்த்தார். நூறு வந்ததும், "முடிஞ்சுதுங்களா?" என்றார்.

"பாதி முடிஞ்சாப்பலதானுங்க," என்று பெருமையோடு எழுந்து போய் கிருபாசங்கரைக் கூப்பிட்டான். "கிருபா, ஃபார்மட் வரைக்கும் வந்தாச்சு. அடுத்தது என்னன்னு சொல்லு, பாக்கலாம்."

"வேகமா முடிச்சுட்டியே. எவ்வளவு சைஸ் காட்டுது?"

"ஒண்ணே சொச்சம் ஜி.பி."

மறுமுனையில் எதுவோ கீழே விழுந்து உருண்டது.

"ஹலோ?"

"பிரவின்," என்றான் கிருபாசங்கர், இழவு சொல்கிற குரலில். "புதுசு நாலு ஜி.பி. அதை ரெண்டாப் பிரிச்சாலும் ரெண்டு காட்டோணும். நீ பிரிக்காமயே விட்டுட்டே. அதனால கம்ப்யூட்டரு பழைய டிஸ்க்கை எடுத்து முன்னாடி நிறுத்தியிருக்குது. நீ ஃபார்மட் பண்ணினது பழசை. உள்ள இருந்தது அத்தனையும் போச்சு."

"கரெக்ட்," என்றான் பிரவின்குமார், பழக்க தோஷத்தில். பிறகுதான் சொன்னது காதிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது.

ரிசீவரை வைத்தான். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். பழனியாத்தாள் பலகையிலேயே தூங்கிவிட்டாள். காளிச்சாமியும் செவ்வந்தியும் மட்டும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜன்னலுக்கு வெளியே தென்னைகளின் நிழல் நீண்டிருந்தது.

இன்னொரு பொய் சொல்லலாம். எர்த் சரியில்லை என்று சொல்லலாம். ஆனால் செவ்வந்தியின் கண்ணைப் பார்த்ததும் அவனுக்கு வாய் வரவில்லை. காலையிலிருந்து அடித்த ஷாக்கெல்லாம் சேர்ந்து அவனை உள்ளே காலி பண்ணியிருந்தன.

"மாமா, பழைய டிஸ்க்குல இருந்ததை நானே அழிச்சுப்போட்டனுங்க. தெரியாமப் பண்ணிப்போட்டேன்." திருப்புளியைக் கீழே வைத்தான். "எனக்குக் கம்ப்யூட்டரே தெரியாதுங்க. நான் இன்ஜினியரு இல்லீங்க. எங்க சென்டருல பசங்களைச் சேர்த்து விடறது மட்டுந்தானுங்க என் வேலை. தரகரு சொன்னப்பவே நான் மறுத்திருக்கோணும். செவ்வந்தி, உங்கிட்டயாவது சொல்லியிருக்கோணும். நீ என்னை அப்படிப் பார்க்கறப்ப எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இடி விழுவதற்காகக் காத்திருந்தான்.

இடி விழவில்லை. காளிச்சாமி தரையில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அதை உடுங்க மாப்பிள்ளை," என்றார், வறண்ட குரலில்.

"எதைங்க மாமா?"

"அதான், இன்ஜினியரு கின்ஜினியரு எல்லாம். யாரா இருந்தா என்னங்க? நல்ல மனுசனா இருந்தாப் போதும்." ஒரு விரலை நீட்டிக் கம்ப்யூட்டரைக் காட்டினார். "இந்த மூடியைப் போட்டு முடுக்கிட்டா, வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு ஏதாச்சும் வித்தியாசம் தெரியுமுங்களா?"

பிரவின்குமாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படியும் ஒரு மாமனாரா! பெண்ணை ஏமாற்றிக் கட்டிக்கொண்டவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஊர் பார்த்தால் மாப்பிள்ளைக்கு அவமானமாகிவிடுமே என்று மூடியைப் போட்டு மறைக்கச் சொல்கிறார்! செவ்வந்தியைத் திரும்பிப் பார்த்தான். அவளுக்கும் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று சொல்ல முடியாத ஒரு முகத்தோடு நின்றிருந்தாள்.

"மாமா," என்று அவரருகே மண்டியிட்டான். "எப்பாடு பட்டாவது இதைச் சரி பண்ணித் தாரனுங்க. நாளைக்கே கிருபாவைக் கையோட கூட்டிட்டு வாரேன். இந்தக் கம்ப்யூட்டர் இங்கயே இருக்கட்டுமுங்க."

"நாளைக்குங்களா?" என்று காளிச்சாமி ஈனமாக முனகினார். "நாளைக்கு வரைக்கும் இது இருக்கோணுமுங்களே..."

அவர் முடிப்பதற்குள் வாசலில் ஒரு டெம்போ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பினார்கள். காளிச்சாமி சட்டென்று எழுந்து, தோளிலிருந்த துண்டை எடுத்துக் கம்ப்யூட்டரின் மேல் போட்டு மூடினார். துண்டு பெட்டியை மூடியது. தரையில் பரப்பிக் கிடந்த திருகாணிகளையும் ஒயர்களையும் மூடவில்லை.

கொல்லைப்பக்கமாக ஏதோ பாத்திரங்கள் உருளும் ஓசை கேட்டது. பிறகு காக்கிச் சட்டையும் தலைப்பாகையுமாக, பொள்ளாச்சி பந்தல் பாத்திர வாடகைக் கடையின் டெம்போக்கார பங்காரு கூடத்து வாசலில் வந்து நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் தட்டித் தூசியைப் போக்கிக்கொண்டார்.

"ஏனுங்க, அண்டா, சேரு, ஜமக்காளம் எல்லாம் ஏத்தியாச்சுங்க. அந்தக் கம்ப்யூட்டரையும் சித்தெ கழட்டிக் குடுத்தீங்கன்னாக் கெளம்பீருவனுங்க. நாளைக்குக் கெணத்துக்கடவுல ஒரு ஊட்டுல எறக்கோணும், அங்கயும் கம்ப்யூட்டர் மாப்பிள்ளைதானாமுங்க!"